ஏழில் ஒரு பங்கு

மோட்டார் வண்டியின் பின்னச்சைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர்க்கு முதல் இடர் சொல்லிலேயே தோன்றுகிறது. கலைச்சொல் தொகுப்போர் ஒரு பெயரைத் தருவர். கராச்சிலே எண்ணெய்க் கையோடு நிற்பவர் வேறொரு பெயரைச் சொல்வார். நிலாவெளியில் சிறு கராச் வைத்திருந்த என் தாய்மாமன் ஒருநாளும் பற்சக்கரம் என்று கூறியதில்லை. அவருக்குப் பெரியது ‘கிறவுண் வீல்’. அதனோடு பொருந்தும் சிறியது ‘பினியன்’. இரண்டையும் தாங்கும் முழுப் பெட்டகமும் ‘டிபரன்சல்’. தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு எழுதுகிறேன் என்பதற்காக அவர் வாயில் இல்லாத சொற்களை அங்கே திணிக்க எனக்கு மனமில்லை. ஆகவே அவருடைய சொற்களையே இங்கு ஆளுகிறேன்.

எஞ்சினிலிருந்து வண்டியின் அடியாகப் பின்னோக்கி வரும் நீண்ட தண்டு பினியனைச் சுழற்றுகிறது. பினியன் கிறவுண் வீலைச் சுழற்றுகிறது. அதன் இருமருங்கும் உள்ள அரைத்தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பினியனுக்கு 9 பல்லும் கிறவுண் வீலுக்கு 41 பல்லும் இருப்பின், சக்கரம் ஒருமுறை சுழலத் தண்டு ஏறத்தாழ 4.55 முறை சுழல வேண்டும். இவ்வெண் பெரிதாயின் இழுவை மிகும். எஞ்சின் விரைந்து சுழன்று களைக்கும். சிறிதாயின் அதே சுழற்சியில் வண்டி கூடிய தூரம் செல்லும், இழுவை குறையும். இரண்டிலும் எஞ்சினின் வலு இம்மியும் கூடுவதில்லை. பண்டமாற்றுப் போன்றது இது: ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறலாம்.

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரின் வரலாற்றிலேயே இதனைக் காணலாம். 1950களின் தொடக்கத்தில் அதற்கு வாய்த்த 803 சீ.சீ. எஞ்சின் 30 குதிரைவலுவே உடையது. எனவே 5க்கு மேற்பட்ட விகிதம் தேவைப்பட்டது. 1956இல் 948 சீ.சீ. எஞ்சின் 37 குதிரைவலுவோடு வந்தபோது விகிதம் 4.55 ஆயிற்று. 1962இல் 1098 சீ.சீ. எஞ்சின் 48 குதிரைவலுவோடு வர, 38க்கு 9 பல் என 4.22 ஆயிற்று. எஞ்சின் வலுக்க வலுக்க எண் சிறுத்தது. அதே குடும்பத்து விளையாட்டு வண்டியாகிய எம்.ஜீ. மிட்ஜெற் 1960களின் இறுதியில் 39க்கு 10 பல், அதாவது 3.9 என்னும் விகிதத்தைப் பெற்றது. அந்த டிபரன்சல் மைனரின் பின்னச்சுக் கூட்டிலே எவ்வித வெட்டுக்கொத்துமின்றிப் பொருந்தும். இச்செய்தி நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு நன்கு தெரிந்திருந்தது. 1960களின் தொடக்கம் முதல் 1977 வரை புதிய கார்கள் வருவது அரிதாயிருந்த நாட்டிலே, ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தும் வித்தை தானே வளர்ந்தது.

எங்களிடம் இருந்தது 1958ஆம் ஆண்டு மைனர், 948 சீ.சீ. எஞ்சின். 1982இல் அது எங்கள் குடும்பத்தின் சோறு. நிலாவெளிக் கடற்கரைக்கு வெளிநாட்டார் வந்து குவிந்த காலம் அது. அப்பா அவர்களை ஏற்றிக்கொண்டு ஹபரணை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையம்வரை செல்வார். 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதை பெரும்பாலும் சமதரை. மாதத்துக்கு ஒருமுறை வேறொரு பாதையும் இருந்தது. என் தம்பிக்கு இருதயத்திலே பிறவிக்குறை. அவனைப் பின்னாசனத்திற் படுக்கவைத்துப் பேராதனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தம்புள்ளையைத் தாண்டிய பின் நிலம் மெல்ல உயரும். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே பலகடுவை ஏற்றம் வரும்.

3.9 டிபரன்சலைக் கொண்டுவந்தவர் மாமாவின் மூத்த மகன். கொழும்பிலே பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து வாங்கியிருந்தார். நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைக் கண்டுவந்ததிலிருந்து அத்தானுக்கு வேகப் பித்து. விளையாட்டு வண்டியின் உறுப்பைப் பொருத்தினால் எங்கள் கிழட்டு மைனரும் பறக்கும் என்று அவர் எண்ணினார். மாமா சாக்கை அவிழ்த்துப் பற்களை எண்ணிவிட்டு மகனைப் பார்த்தார்.

“மலை ஏறப் போட்டி போடுறவன் எண்ணைக் கூட்டுவான். சமதரையில ஓடுறவன் குறைப்பான். நீ எந்த றோட்டைப் பாத்து இதை வாங்கினனீ?”

“மாமாவின்ர கார் கட்டுநாயக்காவுக்குத்தானே ஓடுது, ஐயா.”

அந்த விடையில் நியாயம் இருந்ததை மாமா மறுக்கவில்லை. சக்கரத்தின் சுற்றளவை 1.8 மீற்றர் எனக் கொண்டால், மணிக்கு 80 கிலோமீற்றரில் பழைய விகிதத்தோடு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3370 முறை சுழலும், 3.9 எனின் 2890 முறை போதும். ஆறு மணித்தியால ஓட்டத்தில் ஓர் எஞ்சினின் ஆயுளுக்கு இது சிறிய உதவியன்று. அப்பா இசைந்தார்.

முதலில் எங்கள் வண்டியில் உண்மையில் எந்த விகிதம் உள்ளது என்பதை மாமா சோதித்தார். பழைய சொந்தக்காரர் மாற்றியிருக்கவும் கூடும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜக்கிலே உயர்த்தி, சக்கரத்திலும் தண்டிலும் சோக்கினால் கோடிட்டு, சக்கரத்தை இருமுறை சுழற்றச் சொன்னார். மறுசக்கரம் தரையிலே நிற்கையில் உயர்ந்த சக்கரம் இரட்டிப்பாய்ச் சுழலும். ஆதலால் இரண்டு சுற்று ஒன்றுக்குச் சமம். தண்டு நாலரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடச் சுழன்றது. 4.55 என்பது உறுதியாயிற்று.

எண்ணெயை வடித்து, பின்சக்கரங்களைக் கழற்றி, அரைத்தண்டுகளை வெளியே இழுத்து, முன்புறத் தண்டைப் பிரித்து, டிபரன்சலை முழுதாக வெளியே எடுத்தார். கிறவுண் வீலையும் பினியனையும் மட்டும் மாற்றும் வழி வேறு. அதற்குப் பல்லிடை வெளியை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குவரை சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துச் சோடி சேர்க்கப்பட்டவை. “சோடியைப் பிரிச்சா அழும்” என்பார் மாமா. பொருந்தாத பற்கள் ஓட்டத்தில் ஊளையிடுவதை அவர் அவ்வாறே குறிப்பார். பஞ்சிகாவத்தைப் பொருளை நம்பாது, பற்களிலே களிம்பு பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று பார்த்த பின்னரே பூட்டினார்.

அன்று மாலை இறக்கக்கண்டி, குச்சவெளி கடந்து புல்மோட்டைப் பாதையில் ஓடிப்பார்த்தோம். கடற்காற்றின் ஒலி வண்டிக்குள் கேட்டது அன்றே முதன்முறை. அதுவரை எஞ்சின் இரைச்சல் அதனை மூடியிருந்தது.

ஆயினும் இரண்டு மாதங்கழித்து அப்பாவின் குறிப்பேடு வேறு கதை சொல்லிற்று. முன்பு ஒரு கலனுக்கு 36 மைல் ஓடிய வண்டி இப்போது 33 மைலே ஓடுவதாகக் கணக்கு வந்தது. (லீற்றர் வந்த பின்னரும் அப்பா கலனாக்கியே எழுதினார்.) சாமான் பழுது என்று அப்பாவும், ஓட்டுவது பிழை என்று அத்தானும் வாதிட்டனர். கணிதம் படித்த என் அக்காவே முடிச்சை அவிழ்த்தாள். மைனரின் மைல்மானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குவது. பின்னச்சில் நேர்ந்த மாற்றத்தை அது அறியாது. தண்டின் சுற்றுகளை மட்டும் எண்ணி, பழைய விகிதத்திலேயே மைல் சொல்லிக்கொண்டிருந்தது. 6 மைல் என்று அது காட்டினால் உண்மையில் ஏறத்தாழ 7 மைல் ஓடியிருக்கும். அவ்வாறாயின் 33 என்பது 38க்கு மேல். பெற்றோல் மிஞ்சியிருந்தது; மறைத்தது மானி. அதைவிட நோவு தருவது வேறொன்று: மைலுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய பயணங்களில் ஏழில் ஒரு பங்கை அப்பா இலவசமாக ஓடியிருந்தார். அதன்பின் அக்கா எழுதிய பெருக்கல் அட்டவணை ஒன்று முன்கண்ணாடியோரம் தொங்கியது. ஆறு ஏழாக மாறுவதை வெளிநாட்டார் நம்புவார்களா என்று அப்பாவுக்கு எப்போதும் கூச்சம். பெரும்பாலும் மானி காட்டியதையே வாங்கினார்.

இழுவையிலும் இழந்தது அதே ஏழில் ஒரு பங்கே. சமதரையில் அது தோன்றவில்லை. பின்னச்சு விகிதம் நான்கு கியரையும் ஒருங்கே மாற்றுவது; முதலாம் கியருக்கும் அதிலிருந்து விலக்கில்லை. பலகடுவையில் முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வளைவுகளில் இப்போது மூன்றாவது திணறிற்று, இரண்டாவது கதறிற்று. ஒருமுறை முன்னே சென்ற பஸ் வளைவிலே நின்றுவிட, எங்கள் வண்டியும் சரிவிலே நிற்க வேண்டியதாயிற்று. ஐந்து பேரும் பொதிகளும். மறுபடி புறப்படக் கிளச்சை நெடுநேரம் வழுக்கவிட வேண்டியிருந்தது. கருகிய நாற்றம் உள்ளே நிறைந்தது. தம்பி மூச்சுக்குத் தவித்தான். அம்மா அவன் தலையைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்துக்கொண்டாள். அப்பா எதுவும் பேசவில்லை. பேராதனையிலிருந்து திரும்பிய மறுநாள், “பழையதைப் பூட்டு” என்று மாமாவிடம் சொன்னார்.

அத்தான் மன்றாடினார். மாதத்தில் இருபது நாள் சமதரை, ஒருநாள் மலை என்று கணக்குக் காட்டினார். கணக்கிலே பிழையில்லை. “அந்த ஒருநாளுக்குத்தான் எனக்குக் கார்” என்றார் அப்பா. இருவரில் யார் சரி என்பதை என்னால் இன்றும் தீர்க்க இயலவில்லை; அப்பாவின் பக்கம் நிற்பது எனக்கு எளிது, அவ்வளவே. சில மாதங்களில் அவ்விவாதமே பொருளற்றுப் போயிற்று. 1983 ஜூலைக்குப் பின் வெளிநாட்டார் வரவில்லை; கட்டுநாயக்கப் பயணங்களும் இல்லை.

1984இல் தம்பிக்குக் கொழும்பிலே சத்திரசிகிச்சை நடந்தது. அதன் செலவுக்காக வண்டியை விற்றோம். வாங்கியவர் கருவாடு கொள்முதலுக்கு வந்த அக்குறணை வியாபாரி. பலகடுவைக்கு அண்மையில் வாழ்பவர். விலை பேசுமுன் ஜக்கைக் கேட்டு வாங்கி, ஒரு சக்கரத்தை உயர்த்தி, தாமே சோக்கினால் கோடிட்டு எண்ணினார். நாலரைக்குமேல் வந்ததும் தலையசைத்தார். மற்றதையும் சேர்த்துத் தருவதாக மாமா சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே, “எங்கட ஊர்ல இத எங்க ஓட்டுற?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா அதற்கு மீண்டும் கிறீஸ் பூசிச் சாக்கிலே சுற்றி மேசையடியில் வைத்தார். உப்பளக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை.