பாட்டியின் குரல்
சான்பாடாவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மடிக்கணினி கைதவறிக் கீழே விழுந்தது. திரையில் விரிசல் ஓடியது. பாதித் திரை கறுத்துப்போனது. முன்பும் அது மிக மெதுவாகவே இயங்கிவந்தது. “பழைய பொருள்தானே! புதியது வாங்கிக்கொள்ளலாம்” என்றார் தந்தை. மகள் கண் கலங்கினாள். மறைந்த பாட்டி, திருநெல்வேலியில் இருந்தபோது சொன்ன கதைகளின் ஒலிப்பதிவுகள் அதில்தான் இருந்தன. அவற்றுக்கு வேறு படி இல்லை.

அண்ணன் பதறவில்லை. எச்டிஎம்ஐ கம்பிவழியே மடிக்கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தான். படம் தெளிவாகத் தெரிந்தது. உடைந்தது திரை மட்டுமே என்பது விளங்கியது. முதல் வேலையாக ஒலிப்பதிவுகளைப் பென்டிரைவில் படியெடுத்தான்.

சனிக்கிழமை தந்தையும் மகனும் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற லேமிங்டன் சாலைக்குச் சென்றனர். பழுதுபார்ப்பவர் திரையை மாற்றினார். தட்டு சுழன்று தகவலைத் தேடும் பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கி, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியைப் பொருத்தினார். மடிக்கணினி விரைந்து இயங்கியது.

அன்றிரவு, “ஒரு ஊர்ல ஒரு ராசா...” என்று பாட்டியின் குரல் வீட்டில் ஒலித்தது. தந்தை தம் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே வந்து அமர்ந்தார்.