விசாரணையே இல்லாத ஒரு விசாரணை

'தி ட்ரையல் ஆஃப் தி இன்கிரெடிபிள் ஹல்க்'. பேரைப் பார்த்ததும் பச்சை மனுஷனைக் கூண்டில் ஏத்தி ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்பாங்கன்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். படத்தில் விசாரணையே கிடையாது மக்களே! இருப்பது ஒரு கனவு மட்டும். டேவிட் பேனர் ஜெயிலில் தூங்கும்போது நீதிமன்றம் கனவில் வருது, அங்கேயே ஹல்க்கா மாறிடுறார். ஜூரி இருக்கையில் ஸ்டான் லீ திகைச்சுப் போய் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்கதை. சிபிஎஸ்ஸில் ஓடிய ஹல்க் தொடர் 1982-ல் முடிஞ்சுது. பிறகு என்பிசி அதே பில் பிக்ஸ்பி, அதே லூ ஃபெரிக்னோவை வெச்சு மூணு டிவி படம் எடுத்தது. 1988-ல் வந்ததில் தோர் விருந்தாளி, 1989-ல் வந்த இதில் டேர்டெவில். விருந்தாளிக்கு வரவேற்பு இருந்தா அவங்க பேரில் தனித் தொடர் ஆரம்பிக்கணும், இதுதான் திட்டம். காமர்ஸ் பாஷையில் சொன்னா, பழைய கம்பெனியோட நற்பெயரை வெச்சுப் புதுச் சரக்கு விக்கிறது. ரெண்டுமே தொடரா வரலை.

சரி, மொக்கையா? அங்கேதான் விஷயம். வில்லன் ஆட்கள் பொறி வெச்சு டேர்டெவிலை அடிச்சுப் போட்டுடுறாங்க. ஹல்க் வந்து காப்பாத்துறார். அப்புறம் சண்டை இல்லை, சத்தம் இல்லை. கண்ணு தெரியாத மர்டாக் கையை நீட்டி அந்த முகத்தைத் தொடுறார். விரலுக்குக் கீழேயே அது பேனர் முகமா மாறுது. உலகத்துக்கே மறைச்ச ரகசியம் பார்வை இல்லாதவர்கிட்ட மாட்டிக்குது!

அதுக்கப்புறம் படம் முடியும் வரைக்கும் ஹல்க் வரவே மாட்டார். ரசிகர்கள் திட்டுற இடம் இது. எனக்குப் பிடிச்சதும் இதுதான். அடி வாங்கினதில் மர்டாக்குக்கு உடம்பை விட மனசுதான் அதிகம் உடைஞ்சிருக்கு. பேனர் டாக்டர் இல்லையா, கட்டுப் போட்டு, பக்கத்திலேயே இருந்து, பேசிப் பேசி எழுப்புறார்.

போன வருஷம் என் ரூம்மேட் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ரெண்டாவது தடவை அரியர் விழுந்து பத்து நாள் ரூமை விட்டு வெளியே வரலை. நாங்க யாரும் பெருசா ஒண்ணும் செய்யலை. மெஸ்ஸிலிருந்து தட்டு எடுத்துட்டு வந்து வெச்சோம், பக்கத்தில் உட்கார்ந்து கண்டதையும் பேசினோம், அவ்வளவுதான். பதினோராவது நாள் அவனே செருப்பைத் தேடினான். அதனாலதானோ என்னமோ, ஹல்க் இல்லாத அந்தப் பகுதியை மட்டும் மூணு தடவை பார்த்தேன்.

டேர்டெவிலா வர்ற ரெக்ஸ் ஸ்மித் அசலில் பாடகர். கொம்பு இல்லாத கறுப்பு உடைதான் போட்டிருப்பார். 2015-ல் வந்த நெட்ஃப்ளிக்ஸ் தொடர் பார்த்தவங்களுக்கு அந்தக் கறுப்பு பழகினதாத் தெரியும்.

இந்தப் படத்தை இயக்கினதும் பிக்ஸ்பியேதான். 1990-ல் ஹல்க் இறந்துபோகும் மூணாவது படத்தையும் அவரே எடுத்தார். 1993-ல் அவரும் காலமானார். ஹல்க்கைப் பிழைக்க வைக்க நாலாவது படம் வரவே இல்லை.