சூடேறிய வண்டியும் சூடேறிய நாமும்

காலையில் ஒரே முயற்சியில் இயங்கத் தொடங்கும் கார், நண்பகலில் பத்து நிமிடம் நிறுத்திவைத்த பின் ஏன் அசைய மறுக்கின்றது? பழைய கார் வைத்திருப்போர் இல்லங்களில் இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. எம் இல்லத்திலும் பல்லாண்டு காலம் எழுந்தது. அதற்கு விடை கிடைத்த இடம் பாலாவிச் சந்தி. கிடைத்த விதமோ பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தக்கதன்று. ஆயினும் நேயர்கள் சிலருக்கேனும் பயன்படும் என எண்ணிச் சொல்லத் துணிந்தோம்.

எமது கார் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் உருவாக்கி, 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரின் வழித்தோன்றல் அது. 1956 முதல் ‘1000’ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. இலங்கைத் தெருக்களில் இவ்வகைக் கார்களை இன்றும் காணலாம். தந்தையார் அதை ஒரு பிள்ளையைப்போலப் பேணினார். நாமோ அதன் குணமறியாமலே அதற்கு உரிமையாளரானோம்.

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவில், புத்தளத்தை அணுகுமுன் வருவது பாலாவி. இங்கேதான் கற்பிட்டிக்குச் செல்லும் தெரு மேற்கே பிரிகின்றது. சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்லும் லொறிகளும், உப்பு மூட்டை ஏற்றிய லொறிகளும், கடலோர ஊர்களுக்குப் போகும் பஸ்களும் சந்திக்கும் இடம் இது. கடல்நீரைப் பாத்திகளில் நிறுத்தி உப்பாக்கும் வெயில் இவ்வட்டாரத்து வெயில். உப்பளத்துக்கு அது வரம். எம் காருக்கோ அது சோதனை.

2019 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சிலாபத்திலிருந்து திரும்பிய நாம், பாலாவிச் சந்தியில் காரை நிறுத்தித் தேநீர் அருந்தினோம். அப்போது எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி தன் தாயுடன் தெருவோரம் தவித்து நிற்பதைக் கண்டோம். அவர்கள் வந்த பஸ் வழியிலே பழுதடைந்து நின்றுவிட்டதாம். யாரோ ஒருவர் சந்திவரை கொண்டுவந்து விட்டிருக்கின்றார். பிற்பகல் வினாத்தாள் தொடங்க முக்கால் மணி நேரமே இருந்தது. பரீட்சை மண்டபம் புத்தளத்தில்.

“அஞ்சவேண்டாம், ஏறுங்கள்” என்றோம். ஆசிரியருக்கு இதனினும் நல்ல வாய்ப்பு எது? உள்ளம் சற்றே பூரித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சாவியைத் திருப்பினோம். எஞ்சின் சுழன்றது; பற்றவில்லை. சோக்கை இழுத்துப் பார்த்தோம், பயனில்லை. இன்னும் சற்று இழுத்தோம். காருக்குள் பெற்றோல் மணம் பரவியது. எமக்கு வியர்த்துக் கொட்டியது. பதற்றத்தை மறைப்பதற்காகப் பின்னால் இருந்த பிள்ளையிடம் பாடக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினோம். ஒன்றுக்கு விடை சொன்னாள், இரண்டாவதற்குத் தடுமாறினாள், மூன்றாவதற்கு அவள் கண் கலங்கியது. “இதைக்கூடவா மறந்தாய்?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் சோக்கை இழுத்தோம்.

“சேர், பிள்ளையைக் கொஞ்சம் விடுங்கள்” என்றார் தாய், மெதுவாக. பின் இறங்கிச் சென்று, புத்தளம் நோக்கி வந்த உப்பு லொறி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். இருவரும் ஏறினர். லொறி சென்றது. நாமும் எம் காரும் சந்தியில் நின்றோம்.

அப்போதுதான் எதிரே ஒரு கராஜ் வைத்திருந்த முதியவர், கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். அவ்வூரார் அவரை நானா என்று அழைப்பர். காரின் அருகில் வந்து மூச்சை இழுத்து முகர்ந்தார். “சேர், இதற்குக் குடிக்கக் கொடுத்தது போதும், கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள்” என்றார். பொனற்றைத் திறந்து சில நிமிடம் விட்டார். பின் அமர்ந்து, சோக்கை முற்றாக உள்ளே தள்ளினார், அக்சிலேற்றரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டார், ஸ்டாட்டரைச் சுழற்றினார். ஐந்தாறு விநாடி இருமிக் கரும்புகை கக்கியபின் எஞ்சின் உறுமியது. உடனே காலைத் தளர்த்தினார்.

நாம் வெட்கத்துடன் காரணம் கேட்டோம். அவர் கூறியதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

எஞ்சின் ஓடும்போது விசிறிக் காற்றும், சுற்றிவரும் நீரும், இடையறாது வரும் புதிய பெற்றோலும் வெப்பத்தைத் தணித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இம்மூன்றும் நின்றுவிடும். இரும்பிலுள்ள வெப்பம் மட்டும் நிற்காது. மொறிஸ் மைனரில் புகை வெளியேறும் குழாயின் மேற்புறத்தே காபரேற்றர் அமைந்துள்ளது. ஆகவே வெப்பம் நேரே அதனிடம் ஏறுகின்றது. பெற்றோலின் மெல்லிய கூறுகள் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். காபரேற்றரின் மிதவை அறையிலுள்ள பெற்றோல் பொங்கி, எஞ்சினுக்குச் செல்லும் குழாயில் வழிகின்றது. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். அக்கணக்கு கெட்டுவிடுகின்றது; பிளக்குகள் நனைந்துவிடுகின்றன. காருக்கு இல்லாமையன்று நோய், மிகுதியே நோய். சோக்கை இழுப்பது மேலும் பெற்றோல் ஊட்டுவதாகும். அக்சிலேற்றரை முழுதும் மிதிப்பதோ காற்றுக்கு வாயிலைத் திறப்பதாகும்.

நிறுத்திய உடனே மீண்டும் இயக்கினால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டாலும் இல்லை. இடைப்பட்ட பத்து முதல் இருபது நிமிடமே ஆபத்தான வேளை. ஒரு தேநீர் அருந்தும் நேரம் அது!

ஆயினும், சூட்டில் மறுக்கும் கார் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் எனக் கொள்ளலாகாது. பெற்றோல் மணமே இல்லாவிடின் நேர்மாறான நோயைச் சந்தேகிக்க வேண்டும். குழாயிலோ பம்பிலோ பெற்றோல் ஆவியாகி, குமிழி அடைத்து, காபரேற்றருக்குச் செல்லாமல் தடுத்திருக்கலாம். மொறிஸ் மைனரின் மின்பம்ப் இதைச் சொல்லிக் கொடுக்கும். சாவியைத் திருப்பியதும் அது சிலமுறை ‘டிக் டிக்’ என ஒலித்து நின்றால் மிதவை அறை நிறைந்தது என்பது பொருள். நிற்காமல் விரைந்து ஒலித்தால், தாங்கியில் பெற்றோல் இருந்தும், ஆவியையே இறைக்கின்றது எனலாம். அப்போது பொனற்றைத் திறந்துவைத்து, பெற்றோல் குழாயின் மீது ஈரத்துணி சுற்றிப் பொறுத்திருத்தல் நன்று. மின்சாரம் செல்லும் உறுப்புகளில் நீர் படலாகாது.

பெற்றோல் ஒழுங்காக வந்தும் பற்றாவிடின் கொயிலையோ கொண்டென்சரையோ சோதிக்கவேண்டும். இவற்றுட் சில, குளிரில் வேலை செய்து சூட்டில் ஓய்ந்துவிடும். எஞ்சின் சோம்பலாகச் சுழன்றால் பற்றரிக் கம்பிகளின் இணைப்புகளைப் பார்க்கவேண்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பெற்றோல் மணக்கும் வேளையில் நெருப்பையோ மின்பொறியையோ அருகே கொண்டுவருதல் கூடாது. கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியையும் திறத்தலாகாது.

இவ்வளவும் அறியாத நாம், முன்னர் வேறோரிடத்தில் புதிய பற்றரி வாங்கினோம், கொயில் மாற்றினோம், பிளக் மாற்றினோம். நானாவோ காபரேற்றருக்கும் சுடுகுழாய்க்கும் நடுவே ஓர் அலுமினியத் தகட்டை வெட்டிப் பொருத்தினார். மிதவை அறையில் பெற்றோல் நிற்கும் மட்டத்தைச் சற்றே இறக்கினார். பெருஞ்செலவின்றித் தொல்லை பெரும்பகுதி நீங்கியது. 2022 ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது, வரிசையில் இரண்டு அடி நகர்வதும் நிறுத்துவதுமாக வெயிலில் காத்திருந்த நாள்களில் அவர் கற்பித்த பாடம் எமக்கு மிகவும் உதவியது. நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனைக்கான கார்கள் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வரத் தொடங்கின. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் பழைய காரைப் பேணுவது பலருக்கு விருப்பமாக மட்டுமன்றித் தேவையாகவும் இருந்தது.

அந்த மாணவி? வினாத்தாள் தொடங்குமுன் மண்டபத்தை அடைந்துவிட்டாள், பரீட்சையிலும் தேறினாள். பெறுபேறு வந்தபின் கல்லூரிக்கு வந்தவளிடம் அன்றைய நிகழ்ச்சிக்காக வருத்தம் தெரிவித்தோம். அவள் சிரித்துவிட்டு, “லொறியில் எவருமே என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, சேர். உப்பு மூட்டைகளையும் வெளியையும் பார்த்துக்கொண்டே போனேன். படித்ததெல்லாம் தானாக நினைவுக்கு வந்தது” என்றாள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று இருபது ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்தவர் நாம். சோக்கை இழுத்த கையும் கேள்வி கேட்ட வாயும் எம்முடையவையே. அன்று முதல், பரீட்சை நாளன்று எம்மிடம் வரும் பிள்ளைகளைக் கேள்வி கேட்பதில்லை, “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்கின்றோம்.

சென்ற மாதம் குடும்பத்துடன் முன்னேசுவரம் சென்று திரும்பும் வழியில், அதே சந்தியில் தேநீருக்காக நின்றோம். காரில் ஏறிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சற்றுத் தயங்கியது. பழக்கதோஷத்தால் எம் கை முன்னே நீண்டது. “மணக்கிறது. சோக்கைத் தொட்டுவிடாதீர்கள்” என்றார் மனைவி. கையை எடுத்துக்கொண்டு காலை மிதித்தோம். கார் கிளம்பிற்று.