வளைந்த விரல்கள்

டாக்டர் கோ. வெங்கடசாமியின் புகைப்படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் அவருடைய சிரிப்பைத்தான் பார்ப்பார்கள். நான் கைகளைப் பார்ப்பேன். கணுக்கணுவாக முறுக்கிக்கொண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும் விரல்கள். சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படும் என்று தோன்றும். அந்தக் கைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்திருக்கின்றன.

அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர் என்ற அளவில் உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதில் சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லியில் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வயதில் முடக்குவாதம் அவரைக் கட்டிலில் தள்ளியது. எழுந்து நடக்கவே நெடுநாள் ஆனது. பிரசவம் பார்க்கிற கைகள் இனி இல்லை என்று ஆனபோது கண் மருத்துவத்துக்கு வந்தார். மில்லிமீட்டர் கணக்கில் கத்தி நகரவேண்டிய வேலை அது. விரல் மடங்காத ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

என் அப்பாவின் தங்கை 1989-ல் பிளஸ் டூ முடித்த கையோடு மதுரைக்குப் போய் அரவிந்தில் சேர்ந்தாள். கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து, மழையை நம்பி விதைக்கிற குடும்பத்துப் பெண். அங்கே இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து இவர்களைக் கண் மருத்துவப் பணியாளர்களாக ஆக்குவார்கள். பார்வை சோதிப்பது, கண்ணழுத்தம் அளப்பது, அறுவை அரங்கில் உதவுவது எல்லாம் இவர்கள்தான். இன்றும் அந்த மருத்துவமனைக்குள் போனால் நீங்கள் முதலிலும் கடைசியிலும் பார்க்கப்போவது கிராமத்திலிருந்து வந்த இந்தப் பெண்களைத்தான். திருமணமாகி வேலையை விட்ட பிறகும், கோவில்பட்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோதும், அத்தைக்கு அவர் 'பெரிய டாக்டர்'தான். வேறு எந்த டாக்டரும் அவளுக்கு டாக்டர் இல்லை.

2006 ஜூலை 7 அன்று அவர் இறந்தார். நான் அப்போது பொறியியல் முதலாண்டு. அத்தை ஹாஸ்டலுக்கு போன் பண்ணினாள். "எங்க பெரிய டாக்டரு போயிட்டாருய்யா" என்றாள். அழவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஒரு வேலையத் தந்தாரு. அதவிட, என் கை ஒண்ணுக்கும் ஆகாதுன்னு ஊரே சொன்னப்ப, இந்தக் கைய நம்பி ஒரு கண்ண குடுத்தாங்க பாத்தியா" என்றாள். தாத்தா இறந்தபோதுகூட அத்தையின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அதன்பிறகு பன்னிரண்டு வருடம் நான் அவரைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. 2018 அக்டோபர் 1 அன்று அலுவலகத்தில் கூகுளைத் திறந்தால் அவருடைய நூற்றாண்டுக்கு டூடுல். பக்கத்து சீட்காரன் யார் இவர் என்று கேட்டான். சொன்னேன். "சூப்பர்டா" என்றுவிட்டு ஜாவா பிழையைத் தேடப் போய்விட்டான். நானும்தான்.

முப்பத்து மூன்று வயதில் ஒருநாள் காலையில் என் விரல்கள் மடங்கவில்லை. டைப் அடித்து வந்த வலி என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். மூன்று வாரத்தில் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியாமல் போனது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து டாக்டர் ஒற்றைச் சொல்லில் சொன்னார்: முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். முழுதாகப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். வீட்டுக்கடன் இன்னும் பதினாறு வருடம் பாக்கி. விரலால் பிழைக்கிறவன் நான்.

செய்தி தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "டாக்டர் வெங்கடசாமிக்கும் இதானே? அவரு சாதிக்கலையா?" சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பினார். பின்னணியில் வயலின், மேலே தங்க எழுத்தில் 'மனம் இருந்தால் மார்க்கமுண்டு'. எனக்குக் கோபம் வந்தது. விடிகாலை நான்கு மணிக்குப் போர்வையை விலக்க முடியாமல் கிடக்கிறவனிடம், இன்னொருத்தர் இதே கையோடு லட்சம் ஆபரேஷன் பண்ணினார் என்று சொல்வது ஆறுதல் இல்லை. உனக்கு மனவுறுதி போதவில்லை என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம் அது. சாதனைக் கதைகள் ஆரோக்கியமானவர்களுக்குத்தான் இனிக்கின்றன.

அத்தை மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது என் கையை மடியில் வைத்து ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்தாள். கண் பார்த்த விரல்கள், அழுத்தம் தெரியாது.

"எல்லாரும் பெரிய டாக்டர் மாதிரி ஜெயின்னு சொல்றாங்கத்தை" என்றேன்.

"அவரு நோய ஜெயிச்சாருன்னு யாருய்யா சொன்னது? கடைசி வரைக்கும் விரலு வளைஞ்சேதான இருந்துச்சு. வளைஞ்ச விரலுக்கு ஏத்தமாதிரி ஆயுதத்த மாத்திக்கிட்டாரு. அம்புட்டுதான்."

உண்மை. தன் கைக்குப் பொருந்துகிற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டவர் அவர். காலங்காலமாக எல்லோரும் பிடிக்கிற விதத்தில்தான் பிடிப்பேன் என்று அவர் வீம்பு பண்ணியிருந்தால் நமக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கார்டிசோன் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது 1948-ல், அமெரிக்காவில். நான் வாரம் ஒருமுறை விழுங்குகிற மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு அங்கே அங்கீகாரம் பெற்றது 1988-ல். அவர் படுக்கையில் விழுந்த நாட்களில் இவை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் விரல்கள் அப்படி வளைந்ததற்குக் காரணம் மனவுறுதிக் குறைவில்லை. என் விரல்கள் இன்றுவரை நேராக இருப்பதற்குக் காரணம் மனவுறுதியும் இல்லை. நாற்பது வருட ஆராய்ச்சியும், மாதம் சில நூறு ரூபாய் மாத்திரையும்தான். அவரை இப்படிப் பார்க்கத் தொடங்கியபின் என் கோபம் வடிந்துவிட்டது.

1976-ல், ஐம்பத்தெட்டு வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். உடன்பிறந்தவர்களின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதில், முடியாதவர்களுக்கும் அதே சிகிச்சை. கண்புரை அறுவைக்குப் பின் வைக்கிற லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று நூறு டாலருக்கு மேல். 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே தயாரிக்க ஆரம்பித்ததும் அது சுமார் பத்து டாலருக்கு இறங்கியது.

என் தொழில்புத்திக்கு அங்கே மிகவும் பிடித்தது அறுவை அரங்கு. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து ஆயத்தமாக வைத்திருப்பார்கள். முதலாவது முடிந்ததும் மருத்துவர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போய்விடுவார். அத்தையிடம் இதை உற்சாகமாக விளக்கினேன். எங்கள் துறையில் இதற்கு பைப்லைன் என்று பெயர், பிராசசர் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது, அதே தத்துவம் என்றேன்.

அத்தை சிரித்தாள். "நீ சொல்றது மெஷினு. ஊசி போடுறதுக்கு முன்னாடி கிழவி நடுங்குவா. அவ கையப் பிடிச்சுக்கிட்டு, 'ஒண்ணுமில்ல ஆத்தா, பேரன் மொகத்த நாளைக்குப் பாக்கலாம்'னு சொல்ல ஆளு வேணும்ல. அந்த நேரத்துல டாக்டரு அடுத்த கண்ணுல இருப்பாரு. அதுக்குத்தான் நாங்க."

அந்த ஏற்பாட்டை நான் வேகத்துக்கானது என்றே நினைத்திருந்தேன். அத்தை சொன்னபிறகு வேறு மாதிரி தெரிந்தது. ஒரே ஜோடிக் கை எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. தன் கை எந்த நாளும் தன்னைக் கைவிடலாம் என்று முப்பது வயதிலேயே தெரிந்துகொண்ட ஒருவர் கட்டிய இடம் அது என்பதால் இருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் எனக்குப் பயன்பட்ட ஊகம்.

அடுத்த மாதம் என் குழுவிடம் நோயைச் சொன்னேன். இரண்டாகப் பிரிந்த கீபோர்டு வாங்கினேன். வடிவமைப்புக் குறிப்புகளைக் குரலால் எழுதப் பழகினேன். காலை ஒன்பது மணி வேலைகளைப் பதினொன்றுக்குத் தள்ளினேன். இரவில் நான் தனியாக உட்கார்ந்து முடிக்கிற வேலைகளை இரண்டு ஜூனியர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். அதில் ஒரு பெண் இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறாள். வேலை போய்விடுமோ என்ற பயம் முழுதாகப் போகவில்லை. மழைக்காலத்தில் வலி கூடும்போது அதுவும் கூடவே வரும்.

நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவரை ஆசான் என்று சொல்லலாமா என்று யோசித்திருக்கிறேன். ஏகலைவன் கதைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அங்கே குரு சீடனின் விரலைக் கேட்டு வாங்குகிறார். என் அத்தையின் குரு, விரலை இழந்தும் அடுத்தவர்கள் விரலுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். அத்தை வழியாக எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

நான் சாப்பிடுகிற இன்னொரு மாத்திரை, ஹைட்ராக்சிகுளோரோகுயின், வருடக்கணக்கில் எடுத்தால் அரிதாக விழித்திரையைப் பாதிக்கும். அதனால் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். இந்த வருடம் மதுரைக்கே போனேன். சொட்டுமருந்து விட வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். எந்த ஊரும்மா என்று கேட்டேன். விளாத்திகுளம் பக்கம் என்றாள். மருந்து விட்டுவிட்டு, "கண்ண மூடிக்கோங்கண்ணே, அரைமணி நேரம் ஆகும்" என்றாள். மூடிக்கொண்டேன்.