தூண்டிலின் அறம்

மீனவர்களைத் தம் முதற் சீடராக அழைத்தவர் நம் ஆண்டவர். ஆதலால் மீன் பிடிப்பது தவறோ என்ற ஐயம் நமக்கு எழுந்ததில்லை. ஆனால், எவ்வாறு பிடிக்கிறோம் என்பதிலும் ஓர் அறம் உண்டு. அதை ஸ்காட்லாந்தின் டே ஆற்றங்கரையில் ஒரு முதியவரிடம் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள பங்கு ஒன்றில் கோடைக்காலப் பணிக்காகத் தங்கியிருந்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்முதியவர் நம்மை ஆற்றுக்கு அழைத்துச் சென்றார். கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள், தாம் பிறந்த நீரில் முட்டையிட வேண்டி, ஓட்டத்தை எதிர்த்துத் துள்ளிச் சென்றுகொண்டிருந்தன. கரையிலோ தூண்டிற்காரர் ஒருவரும் இல்லை. காரணம் வினவினோம்.

"இன்று அவற்றுக்கும் ஓய்வுநாள், ஃபாதர்" என்றார்.

ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மன் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆற்றின் குறுக்கே மீன்பொறிகள் அமைத்திருந்த பழங்காலத்திலேயே, சனி மாலை முதல் திங்கட்கிழமை கதிரவன் எழும்வரை அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் பணித்தது. மீனுக்கும் வழி வேண்டும். மேலே வாழ்வோருக்கும் மீன் வேண்டும்.

மறுநாள் முழுவதும் அவர் தொடையளவு நீரில் நின்றார். ஒன்றும் அகப்படவில்லை. ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் ஏறத்தாழ உண்பதையே நிறுத்திவிடும்; கடலில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சியை அதன் முன் ஓடவிட்டு, அது தானே கவ்வும்வரை காத்திருப்பதே அவரது முறை. வேறொரு முறையும் உண்டு. மும்முனை முள்ளை மீன்களின் நடுவே எறிந்து வெடுக்கென்று இழுத்தால், வயிற்றிலோ வாலிலோ தைத்துவிடும். சட்டம் அதைத் தடுக்கிறது. இருள் அதை மறைக்கிறது.

"இளமையில் ஓரிரவு நானும் அப்படி இழுத்தேன். பெரிய மீன். வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள். எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் என்னால் சொல்ல இயலவில்லை" என்றார். இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று. எழுத அவரே இசைவளித்தார்.

இப்போது அவர் எதிர்முள் நீக்கிய தூண்டிலையே பயன்படுத்துகிறார். அகப்படும் மீனை நீரைவிட்டுத் தூக்காமலே விடுவிக்கிறார். சால்மன் குறைந்துவிட்டது. 2023இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அட்லாண்டிக் சால்மனை அச்சுறுத்தலை நெருங்கிய இனங்களின் வரிசையில் சேர்த்தது. ஆயினும் நமக்கோர் ஐயம். விடுவதற்காகவே பிடிப்பது, ஓர் உயிரின் துன்பத்தை விளையாட்டாக்குவது ஆகாதா? சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் அதைத் தடை செய்கின்றன. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்றே நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் போதிக்கிறது. கேட்டேவிட்டோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தக் கேள்வியோடுதான் நாள்தோறும் ஆற்றில் இறங்குகிறேன்" என்றார். குஞ்சுகளை எடுப்பவன் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும் என்ற இணைச்சட்ட நூலின் கட்டளை நம் நினைவுக்கு வந்தது. எடுக்கக்கூடிய அனைத்தையும் எடுக்காதிருப்பதே அறத்தின் தொடக்கம் போலும்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மனிதரைப் பிடிப்பவர்களாகும்படி அழைக்கப்பட்டவர் அன்றோ நாம்? முன்னொரு முறை நம் பங்கில், தலைக்கட்டு வரி செலுத்தாதோரின் பெயர்களைத் திருப்பலி முடிவில் உரக்க வாசித்தோம். அடுத்த வாரமே வரி முழுவதும் வந்து சேர்ந்தது. பாராட்டினார்கள். ஆனால் ஒரு கொத்தனார் அதன்பின் கோவிலுக்கு வரவேயில்லை. அன்று நாம் வீசியதும் மும்முனை முள்தான். இசைவுக்குக் காத்திராமல், தைத்த இடத்தில் பற்றி இழுத்தோம்.

அன்பு வாசகரே, பிள்ளைகளையும் துணையையும் நாம் எந்த முள்ளால் இழுக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம்.

ஊர் திரும்பியதும் அந்தக் கொத்தனாரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். தேநீர் தந்தார். கோவிலுக்கு வருவதாகச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. காத்திருக்கிறோம்.