பிடரியைத் தொட்டுப் பாருங்கள்

முதியவர்களை வீட்டோடு பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கக் குளுக்கோமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 250 என்று காட்டினால் முகம் வெளுத்துவிடும். படுக்கப் போகும் நேரத்தில் 85 காட்டினால், "சூப்பர் பாட்டி!" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும். மறதி நோயும் சர்க்கரையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஒருநாள் 250 வந்தால் டாக்டரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ உள்ளே போன பிறகு வரும் 85-ஐ விட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. விடிவதற்குள் அது எங்கே இறங்கி நிற்கும் என்று தெரியாது.

சர்க்கரை இறங்கும்போது மற்ற சர்க்கரைக்காரர்கள், "படபடன்னு வருது, ஏதாவது குடு" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். மறதியும் சேர்ந்த இவர்களுக்கு அந்த வார்த்தை கிடைக்காது. அதற்குப் பதில் தட்டைத் தள்ளுவார்கள், புடவையைப் பிடித்து இழுப்பார்கள், செத்துப்போன தம்பியைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். மறதிக்காரர்கள் பலர் பொழுது சாயும் நேரத்தில் இப்படித்தான் இருப்பார்கள் என்பதால், வீட்டில் உள்ளவர்களும் "வழக்கமா படுத்துறதுதான்" என்று விட்டுவிடுவார்கள். ரெண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா அரசு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கத்துகிற பெரியவரிடம் அவர் ஒரு வார்த்தை வாதம் செய்து நான் பார்த்ததில்லை. "வாங்கப்பா, வாங்க" என்றபடி தோளில் கை போடுவார். அந்தக் கை அப்படியே பிடரிக்குப் போகும். முடிக்குக் கீழே ஈரமும் சில்லிப்பும் தட்டுப்பட்டால், "ஸ்ட்ரிப்பை எடுடி" என்பார். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வேர்வையை மறைக்காது என்பதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ராத்திரியில் நான் தலையணை உறையையும் சேர்த்துத் தொட்டுப் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தைப் பழகிக்கொள்ளுங்கள், கருவி வாங்குவதற்கு முன்னால்.

மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். "குடிங்க, குடிங்க" என்று கட்டளை போட்டால் வாயை இறுக்கிக்கொள்வார்கள். டம்ளரை அவர்கள் கையிலேயே கொடுத்து, அடியில் உங்கள் கையை ஏந்திக்கொண்டு மெதுவாக உயர்த்துங்கள், வாய் தானே திறக்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். ரெண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும், அன்று ராத்திரி நீங்கள் விழித்திருக்கவும் வேண்டும்.

இன்சுலின் விஷயத்தில் ஒரு சிக்கல். முப்பது-எழுபது கலவை ஊசியைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வார்கள். போட்டாயிற்று, தோசையும் வந்தாயிற்று, பெரியவர் "நான் இப்பதானே சாப்பிட்டேன்" என்கிறார். இப்போது என்ன செய்வீர்கள்? சாப்பாடு நிச்சயமில்லாத ஆள் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டு காலியானதைப் பார்த்துவிட்டுப் போடக்கூடிய இன்சுலின் இருக்கிறது, ஒத்துவரும் என்றால் மாற்றி எழுதித் தருவார். நாமாக மாற்றக் கூடாது.

ஒரு வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் அம்மாவுக்காக ஆசையாக இன்சுலின் குப்பி வாங்கி வந்திருந்தார். வீட்டில் இருந்ததோ சிவப்பு மூடி ஊசி. அது நம்மூரில் பரவலாகக் கிடைக்கும், மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கானது. அவர் கொண்டுவந்தது மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி ஊசிதான் வேண்டும். சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்திருந்தால் அந்த அம்மாவுக்கு 50 யூனிட் போயிருக்கும். அக்கா குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்தைப் படித்தார், ஊசியைக் கீழே வைத்தார். மகனை ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, இதுக்கேத்த ஊசி வாங்கிட்டு வந்துருங்க" என்றார், அவ்வளவுதான்.

விரலில் குத்துவதற்கும் கைப்பக்குவம் உண்டு. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாழைப்பழம் உரித்த விரலில் எடுத்தால் மீட்டர் இல்லாத சர்க்கரையைக் காட்டும், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். நான் இன்னொரு கைக்கு ஏதாவது வேலை கொடுத்துவிடுவேன், பூத்தொடுக்க நாரோ மடிக்கத் துண்டோ. எப்போதும் எதிரில் வந்து உட்கார்ந்துதான் தொடுவேன். பின்னாலிருந்து கை வந்தால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

சாப்பிடாதவரைச் சாப்பிட வைக்க வாழையிலை கைகொடுக்கும். மறதி முற்ற முற்ற, நிறத்துக்கு நிறம் பிரித்துப் பார்ப்பதும் மங்கும். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி அவர்கள் கண்ணுக்கு இல்லாத மாதிரிதான். பச்சை இலையில் வைத்தால் கை தானாகப் போகும். தண்ணீரும் அப்படித்தான், கேட்க மாட்டார்கள், நாம்தான் மணிக்கொரு தரம் கொடுக்க வேண்டும். சர்க்கரை ஏறி, உடம்பு வற்றி, தூங்கி வழிகிறவரை "நிம்மதியாத் தூங்குறாரு" என்று விட்டுவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் மறதி முற்றிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்றா என்று பாருங்கள்.

கால்தான் எனக்குப் பிடித்த இடம். தினமும் குளிப்பாட்டிய பிறகு விரல் இடுக்குவரை துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்ப்பேன். வெறுங்காலோடு மத்தியானத் தரையில் நடந்து கொப்புளம் வாங்கி வருவார்கள், வலி தெரியாது. தெரிந்தாலும் சொல்லத் தெரியாது. வெந்நீரை அவர்கள் காலில் ஊற்றுவதற்கு முன் என் முழங்கையில் ஊற்றிப் பார்ப்பேன். பாட்டிமார்களுக்கு மெட்டியைக் கவனியுங்கள். கால் வீங்கினால் மெட்டி உள்ளே அமுங்கும், அதன் அடியில் புண் வந்தால் யாருக்கும் தெரியாது. கழற்றச் சொன்னால் அழுவார்கள். ஒரு பாட்டிக்குக் கழற்றிய மெட்டியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டேன், சமாதானமாகிவிட்டார்.

சில வீடுகளில் எண்பது வயசுக்காரருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 என்று பெருமையாகச் சொல்வார்கள். பரீட்சை மார்க்கா அது? முதியோர் வைத்தியம் அறிந்தவர்கள், முற்றிய மறதி உள்ளவருக்கு 8, 8.5 வரைகூட இருக்கட்டும் என்பார்கள். ஊசியும் மாத்திரையும் போட்டு 6.2-இல் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், எத்தனை ராத்திரி கீழே இறங்கியதோ. "இத்தனை மாத்திரையும் இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள், கேட்பது தப்பில்லை. பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால் பி12 பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் மறதியும் கால் மரப்பும் கூடும்.

மாத்திரைப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். "போட்டாச்சா?" என்று அவர்களைக் கேட்காதீர்கள், ஆச்சு என்பார்கள், இல்லை என்பார்கள், ரெண்டும் ஒன்றுதான். உறையைப் பாருங்கள், நோட்டைப் பாருங்கள். நோட்டில் "நன்றாகச் சாப்பிட்டார்" என்று எழுதினால் அக்கா அடித்துவிடுவார். "மூன்று இட்லியில் ஒன்றரை, சாம்பார் தொடவில்லை, 8.40" என்று எழுத வேண்டும். ராத்திரி டூட்டிக்கு வரும் பிள்ளை அதைப் படித்துவிட்டுத்தான் ஊசியைப் பற்றி டாக்டருக்குப் போன் போட வேண்டுமா என்று முடிவு பண்ணும்.