பெல்ற் எப்ப மாத்தினது?

எங்கள் வட்டத்தில் யாராவது பழைய கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னால், விலை என்ன, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்பதற்கு முன்பே எங்கள் வாயில் வருகிற கேள்வி ஒன்றுண்டு. "பெல்ற் எப்ப மாத்தினது?" போன மாதம் லோசானில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருத்தி முதற்கார் வாங்குவதற்கு எங்களிடம் யோசனை கேட்டு வந்தாள். வழமையான கேள்வியைக் கேட்டோம். "சங்கிலி எஞ்சினா வாங்கினா அந்தப் பிரச்சினையே இல்லைத்தானே மாமா?" என்றாள். உடனே ஓமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. அவளுடைய தாயைப் பற்றியும் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

நாங்கள் என்றால், 1996இல் பெல்வோ பகுதியில் இரண்டு அறை வீடொன்றில் ஒன்றாக இருந்த நான்கு பேர். இரண்டு பேருக்கு உசியில் ஹோட்டல் குசினி, ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, ஒருவனுக்கு அப்போது வேலையில்லை. ஆளுக்கு ஐந்நூறு பிராங் போட்டு ஒரு கார் வாங்கினோம். என்ன கார், யார் விற்றது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். விற்றவர் பொய் சொல்லவுமில்லை. 'எக்ஸ்பெர்த்தீஸ் முடிந்தது' என்று விளம்பரத்தில் இருந்தது, அது உண்மைதான். இங்கே கார் விற்கிறவன் முதலில் எழுதுகிற சொல் அது. வோ மாநிலத்து வாகனத் திணைக்களம் பிளெஷ்ரெத்தில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். பிறேக், லைற், ரயர், கறள், புகை எல்லாம் பார்த்துத்தான் சான்று கொடுப்பார்கள். அரசாங்கமே பார்த்துவிட்டது, இதற்குமேல் நாங்கள் என்ன பார்ப்பது என்று நினைத்தோம். முன்பக்கத்து பிளாஸ்ரிக் மூடிக்குள் இருக்கிற பெல்ற்றை அங்கே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

எண்ணெய் மாற்றக் கொண்டுபோன இடத்தில் ஒரு கிழவர் இருந்தார். சேர்விஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'கூர்வா, கூர்வா' என்று சொல்லிக்கொண்டு எங்களைப் பார்த்தார். எங்கள் காதில் அது 'குருவா' என்றுதான் விழுந்தது. புத்தகத்தில் பெல்ற் மாற்றியதற்கு அடையாளமில்லை, ஒன்பது வயது, தொண்ணூற்றெண்ணாயிரம் கிலோமீற்றர், உடனே மாற்றுங்கள் என்றார். 550 பிராங் ஆகும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். அந்தத் துண்டு குளிர்ப்பெட்டிக் கதவில் பல மாதம் ஒட்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்த பின்பு, எங்கள் நான்கு பேருடைய வீட்டுக்காரரும் தென்மராட்சியிலும் வன்னியிலுமாக இருந்தார்கள். உண்டியலில் போகிற காசில் 550 பிராங் என்றால் அங்கே ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ரப்பர் வாரை மாற்றுவதற்கு மனம் வரவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அந்தக் கணக்குப் பிழையென்று சொல்ல எங்களால் முடியவில்லை.

எங்களில் மூத்தவர் ஊரில் கராஜில் வேலை செய்தவர். அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கே பெல்ற் புதிது. அவர் கை வைத்தது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ். அந்த எஞ்சின்களில் வால்வைத் திறந்து மூடுகிற தண்டு மேலே இல்லை, பக்கவாட்டில் பதிவாக, பிஸ்ரனைச் சுழற்றுகிற தண்டுக்குக் கிட்டவே இருக்கும். கீழ்த்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் மற்றது ஒரு சுற்று. இரண்டையும் பிணைக்க ஒரு சாண் நீளச் சங்கிலி போதும். அது எண்ணெயில் நனைந்துகொண்டு தன்பாட்டில் ஓடும். தேய்ந்தால் கலகலக்கும். ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, "சங்கிலி கதைக்குது" என்று சொல்லுவாராம் அண்ணையின் முதலாளி. கதைக்கத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் ஓடலாம்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் இல்லாமற் போனபோது அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை இங்கே இருக்கிற பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் புகையின் மணம் கலியாண வீடுகளுக்கும் வந்தது, செத்த வீடுகளுக்கும் வந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் தண்ணீர்போல ஆகிவிடும். புது எண்ணெய்க்கும் வழியில்லை. நாற்பது வயது எஞ்சின், தண்ணீரான எண்ணெய், தேய்ந்த சங்கிலி. அப்படியும் ஓடியது. "சங்கிலி அறுந்து நிண்ட கார் ஒண்டை நான் என்ரை கையாலை திருத்தேல்லை" என்பார் அண்ணை. அதனால்தான் கிழவரின் துண்டுச் சீட்டை அவரும் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு சத்தம் வராமலா போகும் என்று இருந்தார்.

1997 பெப்ரவரியில் எங்களில் ஒருவனுடைய மனைவி வந்தாள். திருச்சியில் கலியாணம் முடித்து, விசாவுக்குப் பத்து மாதம் காத்திருந்தவள். பம்பாயிலிருந்து வருகிற விமானம் காலை ஏழு மணிக்கு சூரிச் குளோட்டனில் இறங்கும். ரயிலில் போயிருக்கலாம். ஆனால் புதுப்பொம்பிளையை இரண்டு சூட்கேசோடு ரயிலில் இழுத்துக்கொண்டு வருவதா? காரை முதல்நாள் கழுவி, வழியில் குடிக்கத் தேத்தண்ணிப் போத்தலும் வைத்து, விடிய நாலு மணிக்கு நான்கு பேரும் புறப்பட்டோம். வெவே தாண்டி ஏ12 நெடுஞ்சாலை ஷத்தெல்-சன்-தெனி பக்கம் ஏறுகிற ஏற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாதி ஏற்றத்தில், பாட்டுப் பெட்டியின் சத்தத்துக்குள், கார் அப்படியே பலமிழந்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கீழே சின்னதாக ஒரு 'தடக்', அவ்வளவுதான். ஓரமாக உருண்டு நின்றது.

சாவியைத் திருப்பினால் ஸ்ராட்டர் வழமையிலும் பார்க்க வேகமாக, பாரமே இல்லாததுபோலச் சுற்றியது. அண்ணை பிளக்கைப் பார்த்தார், கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். பிறகு எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, "இப்ப அடி" என்றார். அடித்தோம். கீழே எஞ்சின் சுற்றுகிறது, மேலே தண்டு அசையவில்லை. "சரி, போச்சு" என்றார். பனியில் செம்மஞ்சள் நிற அவசரத் தொலைபேசிவரை நடந்து, தெரிந்த பிரெஞ்சில் விசயத்தைச் சொல்லி, இழுக்கிற வண்டி வந்து, ஷத்தெலில் கொண்டுபோய் விடும்போது ஆறரை மணி. மாப்பிள்ளையை மட்டும் சின்ன ரயிலில் பலேசியோவுக்கு அனுப்பினோம். அங்கிருந்து பேர்ண், சூரிச், விமான நிலையம். கைத்தொலைபேசி ஒருவரிடமும் இல்லாத காலம். அவன் போய்ச் சேரப் பத்தரை மணி.

அவள் எட்டு மணிக்கே வெளியே வந்துவிட்டாள். பாசை தெரியாது, கையில் சுவிஸ் காசில்லை, படத்திலும் பத்து நாட் கலியாணத்திலும் மட்டும் பார்த்த புருசனைக் காணவில்லை. அங்கே துப்புரவு வேலை செய்த தமிழ் அம்மா ஒருவர் கண்டு, தன்னுடைய இடைவேளையில் வந்து பக்கத்தில் இருந்து, கோப்பி வாங்கிக் கொடுத்து, "பயப்பிடாதை பிள்ளை, ரயில் பிந்தியிருக்கும்" என்றாராம். சுவிசில் ரயில் பிந்துவதில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாதது நல்லது. அவன் ஓடிப்போய் முன்னால் நின்று சொன்ன முதல் வசனம், "பெல்ற் அறுந்திட்டுது." அவள் அவனுடைய இடுப்பைப் பார்த்தாளாம்.

அதை இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சிரிப்பாகச் சொல்கிறோம். அவள் மட்டும் அந்த இடத்தில் சிரிப்பதில்லை. அந்த இரண்டரை மணித்தியாலத்தில், ஏமாற்றப்பட்டுவிட்டேன் என்று முடிவெடுத்து, திரும்பிப் போகிற ரிக்கற்றுக்கு எந்த நகையை விற்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தாளாம். அதை எங்களிடம் சொன்னதே மகள் பிறந்த பிறகுதான்.

கிழவர் எஞ்சினைத் திறந்து காட்டினார். பெல்ற் அறுந்துகூட இருக்கவில்லை. வளையம் முழுதாக இருந்தது, ஒரு சாண் நீளத்துக்குப் பற்கள் உரிந்திருந்தன. மேல்தண்டு நின்றதும், திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்ரன் மேலேறி மோதி, அவற்றை வளைத்துவிட்டது. எல்லா எஞ்சினிலும் இப்படி நடப்பதில்லை. சிலவற்றில் வால்வுக்கும் பிஸ்ரனுக்கும் இடைவெளி விட்டிருப்பார்கள், பெல்ற் போனால் கார் நிற்கும், வேறு சேதம் வராது. எங்களுடையது அந்த வகையல்ல. திருத்துவதற்கு காரின் விலையிலும் கூடக் கேட்டார்கள். ஆபிரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் கண்ணாடியில் செருகிவிட்டுப் போகிற சின்ன அட்டைகளில் ஒன்றை எடுத்து, 300 பிராங்குக்குக் கொடுத்தோம். பெல்ற்றை அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டு வந்து குசினியில் ஆணியில் கொழுவிவிட்டார்.

இந்தப் பல்லுள்ள பெல்ற் 1940களில் அமெரிக்காவில் தையல் மெசினுக்கென்று செய்யப்பட்டது. அதைக் காருக்குள் வைத்துப் பெருந்தொகையாக முதலில் விற்றது பவேரியாவில் இருந்த கிளாஸ் என்ற சின்னக் கம்பனி, 1962இல். நாலு வருடத்தில் அந்தக் கம்பனியை பி.எம்.டபிள்யூ வாங்கிவிட்டது. தண்டு மேலே போனதும் சங்கிலி நீளமாக வேண்டும், அது பாரம், சத்தம், செலவு. ரப்பர் மலிவு, மெதுவானது, எண்ணெய் தேவையில்லை. ஆனால் ரப்பர் ஓடினாலும் வயதாகும், ஓடாமல் நின்றாலும் வயதாகும். ஆகவேதான் இத்தனை கிலோமீற்றர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அது என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். தண்ணீர்ப் பம்பில் ஒழுக்கு இருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. இந்த ஊரில் ஏறி இறங்குவதற்கே இதேபோல ஒரு வரலாறு உண்டு. உசிக்கு இறங்குகிற ரயில் 1877இல் கயிற்றில் இழுபட்டது, 1958இலிருந்து பற்சக்கரத்தில் ஓடியது, 2008இலிருந்து எம்2 மெற்றோ ரப்பர் சில்லில் ஓடுகிறது. பழைய ஆட்கள் இன்றும் அதைக் கயிறு என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் சங்கிலிப் பக்தர்களாகிவிட்டோம். 1990களின் கடைசியில் ரொயோட்டா தன்னுடைய சின்ன எஞ்சின்களில் சங்கிலிக்குத் திரும்பியபோது, எங்களைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்பதுபோலச் சந்தோசப்பட்டோம். பிறகு எங்களில் ஒருவர் சங்கிலி எஞ்சின் என்றே தேடி வாங்கிய கார், ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் காலையில் ஸ்ராட் பண்ணும்போது கொட்டைப்பாக்குப் பெட்டியைக் குலுக்குவதுபோலச் சத்தம் போட்டது. 3000 பிராங். 2007இல் வந்த பி.எம்.டபிள்யூவின் என்47 டீசலில் சங்கிலியை கியர்ப்பெட்டிப் பக்கம் வைத்தார்கள். அது பழுதானால் எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ இறக்கினால்தான் கை போகும். சங்கிலி நீளுகிறது என்று சொல்வதும் சரியில்லை, இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிக்குக் கண்ணி ஊசிகள் தேய்ந்து, தேய்ந்ததெல்லாம் சேர்ந்து நீளமாகிறது. தேய்வது எண்ணெயால். முப்பதாயிரம் கிலோமீற்றர்வரை எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று ஆசை காட்டினார்கள், நாங்களும் மாற்றவில்லை. ஆனாலும் ஒன்று, அது கதைத்தது. குசினியில் தொங்கிய ரப்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது மூன்றாவது வகை ஒன்றும் வந்திருக்கிறது. பெல்ற்றை எண்ணெய்க்குள்ளேயே ஓடவிடுவது. பிள்ளை முதலில் பார்த்து வைத்திருந்த பேஜோவில் 1.2 பியூர்ரெக் எஞ்சின். கிட்டக்கிட்ட ஓடினால் எரியாத பெற்றோல் எண்ணெயில் கலந்து பெல்ற்றை ஊறவைத்து உரிக்கிறது, துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சுகிற வலையை அடைக்கின்றன. 2024இல் கம்பனி அந்த எஞ்சின்களுக்கான உத்தரவாதத்தைப் பத்து வருடம் அல்லது 175,000 கிலோமீற்றராக நீட்டியது. புதிய வடிவத்துக்குச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அண்ணை வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப மண்ணெண்ணெய்க் கதைதான். ஆனா எங்கடை சங்கிலி தாங்கிச்சுது" என்றார்.

ஆகவே பிள்ளைக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: சங்கிலியென்றால் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேள், பெல்ற் என்றால் பெல்ற் மாற்றிய ரசீதைக் கேள். இந்தக் கடதாசி ஒன்றும் இல்லாமல் நாலாம் கை, ஐந்தாம் கையாக வருகிற கார்களைத்தான் நாங்கள் அந்த நாளில் வாங்கினோம். அதற்குமேல் எங்களிடம் காசிருக்கவில்லை.

போன சனிக்கிழமை றெனானில் ஒரு கார் பார்க்கப் போனோம். பத்து வயது, பெல்ற் எஞ்சின். கேட்காமலே தாயும் வந்தாள். பொனற்றைத் திறந்ததும் உள்ளே ஒரு வெள்ளை ஸ்ரிக்கர், திகதியும் கிலோமீற்றரும் பேனையால் எழுதியிருந்தது. பிள்ளை ஆசனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் குனிந்து ஸ்ரிக்கரை வாசித்தாள், கைத்தொலைபேசியில் படமெடுத்தாள். பிறகு விற்கிற மனிசனிடம், இலக்கணம் பிசகாத பிரெஞ்சில், இதை ஆரும் எழுதி ஒட்டலாம், ரசீது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் தேடிப் பார்க்கிறேன் என்று வீட்டுக்குள் போனார். நாங்கள் தூறலில் நின்றோம்.